பின்சீற்றில் எனக்கொரு இடம்

ஏப்ரல் 6, ஞாயிறு

என்னைத்தான், இருநூற்றிப் பதினாலு பேருக்குள்ளை என்னைத்தான் எடுத்திருக்கினம், நான் இத்தாலிக்குப் போறன்!!!

'ஆறுதலாப் போவம்' சனலில் ஒரு வீடியோவும் விடாமல் பார்த்தவள் நான். அதை நடத்துகிற றிச்சர்ட் அண்ணையும் றஜிதா அக்காவும் தங்கள் காரின் பின்சீற்றை ஒரு ரசிகருக்குத் தருகிறார்கள். ரிக்கெற்றும் அவையின்ரை செலவு. தெற்கு இத்தாலியின் பழைய ஊர்கள், மே 14 முதல் பன்னிரண்டு நாள், ஹைவேயே இல்லாத பயணம். போட்டிக்குப் பாதை கீறி அனுப்பச் சொன்னார்கள். நான் பதினொரு ஊர் கீறினேன். இன்ரநெற் மப்பில் தெருப் படங்களுக்குள் நுழைந்து, மூலை மூலையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கீறினேன்.

"ஷாமிலா, உன்ரை பாதையிலை நிழல் விழுற பார்க்கிங்கூட இருக்கடி!" என்று அக்கா எழுதியிருக்கிறா.

ஏப்ரல் 7

பாஸ்போட்டின் முதல் பக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் படமெடுத்து அனுப்பட்டாம்.

ஏப்ரல் 8

நேற்று அந்த ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. என்னிடம் பாஸ்போட் இல்லை. பதினாலு மாதத்துக்கு முதல் எயார்போட்டில் அகதிக் கேஸ் கொடுத்தபோது இமிகிரேஷன் வாங்கி வைத்தது.

ரசிகர் குழுவில் எல்லாருக்கும் நான் இந்த நாட்டிலேயே, ஸ்காபரோவில் பிறந்தவள். ஏன் அப்பிடிச் சொன்னனான்? இஞ்சை ஆரைச் சந்திச்சாலும் 'சாப்பிட்டியோ' எண்டு கேக்கமுதல் 'கேஸ் முடிஞ்சுதோ' எண்டுதான் கேப்பினம். கலியாண வீட்டிலையும் அதுதான், கோயிலிலையும் அதுதான். குழுவிலை மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை. அந்தச் சுகத்துக்காகச் சொன்ன பொய்.

ஏப்ரல் 11

"பாஸ்போட் புதுப்பிக்கக் குடுத்திருக்கு அக்கா." அனுப்பிவிட்டேன்.

"அவசரமில்லையடி, ஆறுதலா அனுப்பு." பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

அதைப் பார்க்க ஏலாமல் போனைத் தலையணைக்குக் கீழே தள்ளினேன்.

ஏப்ரல் 17

என் கேஸைப் பார்க்கிற லோயரின் ஒஃபிசில் மொழிபெயர்க்கிற எட்வேட் அண்ணையிடம், தெரிந்த ஒரு பிள்ளைக்காகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லு, பிளேனிலை ஏத்தவே மாட்டாங்கள். தப்பித்தவறி ஏத்தினாலும் திரும்பி வரேலாது, கேஸ் அதோடை சரி." பிறகு ரிசூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "அதுசரி, அந்தப் பிள்ளை ஏன் அழுறா?"

ஏப்ரல் 27

நாளைக்குள் ரிக்கெற் போடவேணுமாம்.

எழுதிப் பார்த்தேன். எழுத்தில் பொய் சுகமாக வருகிறது. அதனால் குரலில் பதிந்தேன். நாலு தரம் அழித்து, ஐந்தாவதை அனுப்பினேன். "அக்கா, நான் ஸ்காபரோவிலை பிறக்கேல்லை. கொடிகாமம். கேஸ் முடியேல்லை. பாஸ்போட் இமிகிரேஷனிலை. முழுக்கப் பொய் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கேட்டுவிட்டா. நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் இல்லை.

ஏப்ரல் 28

இல்லை.

ஏப்ரல் 29

இல்லை. ஏசினாலாவது பரவாயில்லையே!

மே 1

எனக்குப் பதிலா எங்கடை குழுவிலை இருக்கிற ஜதுர்சன் போறானாம். அவன் கீறினது ரெண்டே ரெண்டு ஊர்! எனக்கு என்ன நடந்தது என்று அவர்கள் குழுவில் சொல்லவில்லை. 'ஷாமிலாவால் வரமுடியவில்லை', அவ்வளவுதான்.

கீழே லோன்ட்றியில் மெஷின் சுத்தி முடியும்வரை அழுதேன். ஹோலின் பாதியைத் திரை கட்டி எனக்கு வாடகைக்கு விட்டிருக்கிற ஜூலி அன்ரி தேடி வந்துவிட்டா. "என்னடி, சோப் போட மறந்திட்டியோ?"

உண்மையாகவே மறந்திருந்தேன்.

மே 14

லைவ் தொடங்கிவிட்டது. பார்க்கமாட்டேன்.

பார்த்தேன்.

மே 17, சனி

காலை ஒன்பது மணி, வேலைக்குப் போகிற ஸ்ரீற்காரில், அந்தத் தெரு ட்ராமில், என் போனில் லைவ் ஓடுகிறது. அங்கே பின்னேரம். நான் கீறிய நாலாவது ஊர். ஆனால் என் பாதையை விட்டு ஜிபிஎஸ் சொன்ன பக்கம் திரும்பிவிட்டார்கள். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், முன்னுக்குப் படிக்கட்டு, பின்னுக்கு ஒரு வான் நின்று ஹோர்ன் அடிக்குது. காரின் கண்ணாடி சுவரில் உரசுகிற சத்தத்தில் எனக்குப் பல் கூசியது.

"றஜி, உன்ரை ஜிபிஎஸ் ஆட்டுக்கெல்லோ பாதை சொல்லுது!" என்று றிச்சர்ட் அண்ணை கத்தினார்.

"புனித அந்தோனியாரே! நீங்கள் கத்தாமல் பிறேக்கைப் பிடியுங்கோ!"

எனக்கு அந்த ஒழுங்கை தெரியும். கொமென்ரில் எழுதினேன், எழுதினேன், ஒருத்தரும் வாசிக்கவில்லை. எல்லாரும் போடுற சிரிப்பு முகங்களாக ஓடுது. அக்காவின் போனுக்குக் கோல் எடுத்தேன். வாழ்க்கையிலை முதல் தரம்.

"ஆர்?"

"ஷாமிலா. அக்கா, வைக்காதேங்கோ. படிக்கு முதல் வலப்பக்கம் பூச்சாடியள் இருக்கு, அதுக்கு அங்காலை ஒரு வளைவு. கண்ணாடியளை மடக்கிப்போட்டு அதுக்குள்ளை திருப்புங்கோ. உள்ளை சேர்ச் முத்தம், கார் திரும்பும்."

ஜதுர்சன் இறங்கிப் பூச்சாடிகளைத் தூக்கி வைத்தான். ஒரு இஞ்சி, ஒரு இஞ்சியாக… வெளிச்சம். முற்றம்! ஸ்ரீற்காரில் நான் கத்திய கத்தலில் முன்சீற்றுக்காரர் திரும்பிப் பார்த்தார். இறங்கவேண்டிய ஸ்ரொப் மூன்று தாண்டியிருந்தது.

"உது எப்பிடியடி உனக்குத் தெரியும்?" றிச்சர்ட் அண்ணைக்கு மூச்சு வாங்கியது.

"நான் அங்கை எத்தினை தரம் வந்திட்டன் அண்ணை."

அக்கா போனை முன்கண்ணாடியில் சாய்த்து வைத்தா.

வைத்துக்கொண்டே சொன்னா: "பொய் சொன்ன கோவம் இன்னும் போகேல்லை." பிறகு: "அடுத்த ஊருக்கு இடமோ வலமோ?"

மே 25

இண்டைக்கு முடிஞ்சுது. வேலையில்லாத நேரமெல்லாம் முன்கண்ணாடியில் சாய்த்து வைத்த போனுக்குள் நான் இருந்தேன். ஏழு ஊர். கடைசியில் கடற்கரை. அக்கா போனை வெளியே நீட்டிப் பிடித்தா. காற்று இரைந்தது. எனக்கு மணம் வரவில்லை. அதை எந்த மப்பாலும் தரேலாது. போன் வைத்தபிறகு திரைக்குப் பின்னால் கொஞ்சநேரம் அழுதேன்.

மே 28

குழுவில் போட எழுதியது. மனம் மாறி அழிக்கமுதல் இங்கேயும்:

யூன் 7, சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. சென் ஜேம்ஸ் ரவுண், எங்கடை பில்டிங் கீழ்த்தளத்து மீற்றிங் றூம். பயணத்தைப் பெரிய திரையில் பார்ப்போம். றிச்சர்ட் அண்ணையும் றஜிதா அக்காவும் வருகினம். நான் ஷாமிலா, கொடிகாமம், ஸ்காபரோ இல்லை. என்ரை கேஸ் இன்னும் முடியேல்லை, ஆனபடியால் ஒருத்தரும் கேக்கத் தேவையில்லை. கேஸ் முடியாத ஆக்களைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. இதை அவைக்கு அனுப்புங்கோ. போகேலாத எந்த ஊரைப் பார்க்க ஆசை எண்டு கீழே எழுதுங்கோ. பாதை நான் கீறுறன்.