கோவிந்தம்மாவின் வலது காது

விபவ வருஷம், ஆவணி 3
பழவேற்காடு

என் வீட்டுக்காரருக்கு, கோவிந்தம்மா கும்பிட்டுச் சொல்லி எழுதிக்கொள்வது.

படகு நல்லபடியாகக் கரை சேர்ந்தது. அக்கா வீட்டில் எல்லோரும் சுகம். அங்கே காற்று எப்படி, வலையில் என்ன விழுகிறது, உங்களுக்குக் கஞ்சி யார் காய்ச்சித் தருகிறார்கள் என்று எழுதச் சொல்லவும். துறை வரைக்கும் வருவீர்கள் என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். படகோட்டி சின்னதம்பிதான் மூட்டையை எடுத்து வைத்தான். போகட்டும்.

காது தைக்கிற வேதாசலத்திடம் அக்கா கூட்டிப்போனாள். உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர் கோட்டைக்குப் பின்னால் அவர் வீடு. கோட்டைச் சிப்பாய்களே புண்ணுக்கும் பல்லுக்கும் அவரைத் தேடித்தான் வருகிறார்கள். சின்ன வயதில் ஈயக் குணுக்குப் போட்டுத் தோளைத் தொட வளர்த்த காது, வலது பக்கம் இப்போது இரண்டு வாராகத் தொங்குகிறது. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "புண்ணு வத்தட்டும்மா. அப்பால ரெண்டு ஓரத்தையும் லேசா சீவி, ரத்தம் கசியுறப்போ ஒண்ணா வச்சுத் தைக்கணும். காஞ்ச தோலு ஒட்டாது" என்றார். காது குட்டையாகிவிடுமாம். மூளிக்காதோடு நடமாடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

எப்படி அறுந்தது என்று கேட்டார். நீங்கள் சொல்லச் சொன்னபடியே சொன்னேன். மீன் கூடையோடு வரும்போது பின்னாலிருந்து எவனோ தோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான் என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

தங்கள் அடியாள்,
கோவிந்தம்மா


ஆவணி 14
சுண்ணாம்புக்குளம்

பிரியமுள்ள கோவிந்தம்மாவுக்குப் பூபதி சொல்லி, கணக்கர் எழுதியது.

நான் சுகம். கஞ்சி நானே காய்ச்சுகிறேன், பாதி நாள் அடிபிடித்துப்போகிறது. நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. துறைக்கு வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அன்று ஊராருக்கு முன்னால் உன் காதுக் கட்டைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நல்ல சேதி ஒன்று. உன் தோட்டைப் பிடுங்கியவன் அகப்பட்டுவிட்டான். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறானே, குப்பம்மாளின் புருஷன் ரங்கன், அவன்தான். அன்று அந்த வழியாக அவன் போனதைப் பார்த்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். ஊர் கூடி விசாரித்தது. அடித்தும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ இன்னா சொல்றே பூபதி?" என்று பெரியதனக்காரர் என்னைக் கேட்டார். ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது நான் வேறு என்ன சொல்ல முடியும்? ஆமாம் என்றேன்.

இனி நீ நிம்மதியாக இரு. காதை நன்றாகத் தைத்துக்கொண்டு வா. புதுத்தோடு செய்யச் சொல்லியிருக்கிறேன்.

பூபதி


ஆவணி 19
பழவேற்காடு

என் வீட்டுக்காரருக்கு, கோவிந்தம்மா எழுதிக்கொள்வது.

உங்கள் ஓலையை, எனக்கு எழுதித் தருகிற ஆபிரகாம் வாசித்தார். மறுபடி வாசிக்கச் சொன்னேன். ரங்கன் அண்ணன் என்று வேறு யாராவது இருக்கிறார்களா என்று அக்காவைக் கேட்டேன்.

அந்த அண்ணன் என்னைத் தொடவில்லை. அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இன்னொருவர் கையால் எழுதுகிற ஓலை, ஆகையால் இதற்குமேல் சொல்லவில்லை. பெரியதனக்காரரிடம் போய், அவள் ஆளைச் சரியாகப் பார்க்கவில்லையாம், ரங்கன் இல்லையாம் என்று சொல்லி அவரை விடச் சொல்லுங்கள். உங்கள் பேர் கெடாது. பழி எவனோ ஊர் பேர் தெரியாத திருடன் மேலேயே கிடக்கட்டும்.

நாளைக்குக் காது தைப்பதாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் பதில் வந்த பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

கோவிந்தம்மா


ஆவணி 27
சுண்ணாம்புக்குளம்

கோவிந்தம்மாவுக்குப் பூபதி எழுதச் சொன்னது.

இப்படியெல்லாம் எழுதலாமா? உன் ஓலையை எனக்கு வாசித்துச் சொல்வது கணக்கர். அவர் நல்ல மனிதர், வெளியே சொல்லமாட்டார். ஆனாலும் என்னால் தலை நிமிர முடியவில்லை.

ரங்கன் காரியம் கைமீறிப்போய்விட்டது. ஊரார் அவனைப் பழவேற்காட்டு ஆள் தரகனிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அடிமையாகக் கப்பலில் ஏற்றுவார்களாம். இப்போது நான் போய் மாற்றிச் சொன்னால், அப்படியென்றால் யார் கிழித்தது என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்ல? நீயே யோசித்துப் பார். குப்பம்மாள் நம் வாசலில் மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போனாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, பொறுத்துக்கொண்டேன்.

அவனுக்காகப் பேசப்போனால் நாளைக்கு நீ திரும்பி வருவதற்கு வீடு வேண்டாமா? உன் நல்லதற்குத்தான் சொல்கிறேன். காதைத் தைத்துக்கொள்.

பூபதி


புரட்டாசி 6
பழவேற்காடு

என் வீட்டுக்காரருக்கு.

ரங்கன் அண்ணனைப் பார்த்தேன். தரகனுடைய கொட்டடி துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஓலை வேய்ந்த கூரை, காலில் விலங்கோடு நிறையப் பேர். பஞ்சத்துக்குத் தன்னைத்தானே விற்றுக்கொண்டவர்கள் பாதி. அக்கா வரமாட்டேன் என்றாள். ஆபிரகாம்தான் கூட வந்தார்.

அண்ணனுக்கு ஒரு கண் வீங்கி மூடிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் திட்டுவார், காறித் துப்புவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் என் கட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா தங்கச்சி, இன்னும் வலிக்குதா?" என்று கேட்டார்.

தரகனிடம் கட்டை அவிழ்த்துக் காதைக் காட்டினேன். இதைக் கிழித்தது இந்த மனிதர் இல்லை, என் புருஷன் என்று சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று நீங்கள் வலையை முன்னதாகவே இழுத்ததால் மீன் போயிற்று என்று கரையில் சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தோட்டோடு சேர்த்துக் காதைப் பிடித்து இழுத்தீர்கள். தோட்டை அடுப்புச் சாம்பலில் போட்டு மூடினீர்கள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆபிரகாம் இதை எழுதிக்கொண்டிருக்கிறார். கணக்கரும் வாசிக்கட்டும்.

தரகன் சிரித்தான். "ஊரு கூடிக் குடுத்த ஆளும்மா. பொம்பள பேச்சுக்கெல்லாம் வுட முடியுமா? உன் ஊட்டுக்காரன வந்து சொல்லச் சொல்லு, வுட்டுடறேன்" என்றான்.

மழைக்காலத்துக்கு முன்னால் கப்பல் புறப்பட்டுவிடும். ஒரு பகல் படகில் வந்தால் போதும். இங்கே உங்களை யாருக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியவேண்டாம். தரகன் காதில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நான் அடுத்த படகிலேயே வந்துவிடுகிறேன். உங்களுக்குக் கஞ்சி காய்ச்சுகிறேன். ஆயுசுக்கும் இதைப்பற்றி வாய் திறக்கமாட்டேன். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

கோவிந்தம்மா


புரட்டாசி 20
சுண்ணாம்புக்குளம்

கோவிந்தம்மாவுக்குப் பூபதி எழுதச் சொன்னது.

சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். வலை பழுது பார்க்கிற வேலை இருப்பதால் ஊரைவிட்டு நகர முடியவில்லை. புதுத்தோடு முடிந்து வந்துவிட்டது. நல்ல கனம். சின்னதம்பியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொண்டு தீபாவளிக்கு முன்னால் வந்து சேர். இந்த வருஷம் இறால் நன்றாகக் கிடைக்கும் என்கிறார்கள்.

பூபதி


ஐப்பசி 11
பழவேற்காடு

பூபதிக்கு.

கப்பல் புரட்டாசிக் கடைசியிலேயே போய்விட்டது. பத்தாவிக்குப் போகிறது என்று துறையில் சொன்னார்கள். அது எங்கே இருக்கிறது என்று ஆபிரகாமைக் கேட்டேன். "கடலுக்கு அந்தாண்டம்மா, அங்க போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பார்க்கல" என்றார். சிறு படகுகளில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். அவர் எந்தப் படகில் இருந்தார் என்றுகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்கு மறுநாள் காதைத் தைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு முறை சீழ் வைத்து வற்றியிருந்தது. இன்னும் விட்டால் முழுக் காதும் போய்விடும் என்று வேதாசலம் சத்தம் போட்டார். அவர் சீவும்போது நான் கத்தவில்லை என்று அக்கா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்கிறாள். இப்போது கூடிவிட்டது. ஒரு கோடு மட்டும் தெரிகிறது. இடது காதையும் அறுத்துக் குட்டையாக்கி இரண்டையும் ஒன்றுபோலச் செய்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். புது ஓட்டை குத்தட்டுமா என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். தோட்டைச் சின்னதம்பியிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

குப்பம்மாள் நேற்று வந்தாள். ஏரியைச் சுற்றி நடந்தே வந்திருக்கிறாள். கப்பல் போனது அவளுக்குத் தெரியாது, நான்தான் சொல்லவேண்டியிருந்தது. நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கிட்டே வந்து, என் முகத்தைத் திருப்பி, தைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "உனுக்குக் கூடிப்போச்சு. எனுக்கு?" என்றாள். சோறு போட்டேன். என் கையால் வாங்கவில்லை. அக்கா போட்டபோது சாப்பிட்டாள்.

ஊருக்கு வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லு. சொன்னா மட்டும் அவரு வந்துடுவாரா? ஆனா திருடன் பொண்டாட்டின்னு எம்புள்ளைங்க முன்னால என்னை இனிமே எவனும் கூப்புடக்கூடாது. அதுக்காகச் சொல்லு" என்றாள். என்னை மன்னிப்பதாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாளைக்குச் சின்னதம்பி படகில் இந்த ஓலை வரும். அதற்கு அடுத்த படகில் நாங்கள் இருவரும் வருகிறோம். உன் வீட்டுக்கு வரவில்லை.

ஊரைக் கூட்டி வை.

கோவிந்தம்மா