பிலாத்து கேட்ட கேள்வி

ஆவூர்,
ஏப்ரல் 9.

அன்பு மகள் பொற்கொடிக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். போனில் பேசினால் நீ எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துப் பேச்சைத் திருப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பன்னிரண்டு வருடம் அடுத்தவர் படங்களுக்கு நகைச்சுவை எழுதினாய். முதல் இரண்டு படங்களில் உன் பெயரே வரவில்லை. உன் அம்மா கடைசி எழுத்து ஓடும்வரை எழுந்திருக்காமல் தேடினாள். இப்போது தயாரிப்பாளர் என்று உன் பெயர் தனியாக வரப்போகிறது. பேங்க் வேலையை விட்டபோது, கெட்டுப்போகப் போகிறாய் என்றேன். தப்பாகச் சொல்லிவிட்டேன். படம் ஓடும், எனக்குச் சந்தேகமே இல்லை.

நேற்று உன் தம்பி ஜெரால்டு உன் படத்தின் பாஸ்கா நாடகக் காட்சியை லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். அப்பாவுக்கு வருத்தமென்றால் வெட்டிவிடுவாயாம், சனிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். இதை என்னிடமே கேட்க என்ன பயம்?

நடந்ததைத்தானே எடுத்திருக்கிறாய். பாஸ்கா நாடகத்தில் இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து நான். யூதர் கூட்டமாக நிறுத்தியது என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை. "இவரை நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். "சிலுவையில் அறையும்" என்று கத்த வேண்டியவர்கள், ஹெட்மாஸ்டர் குரலைக் கேட்டதும் கையைக் கட்டிக்கொண்டு, "விட்டுருங்க சார், பாவம்" என்றார்கள். முறைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். "நாங்க ஒண்ணும் செய்யல சார்" என்று ஒருவன் அழுதேவிட்டான். ஊரே சிரித்தது. அதன் பிறகு நான் மேடை ஏறவில்லை.

நேற்று வாய்விட்டுச் சிரித்தேன். என்னவோ ஏதோ என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். உன் நடிகருக்கு முறைக்கத் தெரியவில்லை, போகட்டும்.

காட்சியை வெட்டாதே. ஆனால் ஒரு குறை. முன்வரிசைச் சிறுமி உன் படத்தில் தலை குனிந்தே இருக்கிறாள். அன்று முதலில் சிரித்தது நீ. ஒன்பது வயது. வீட்டுக்கு வந்ததும் உன்னை அடித்தேன். அவள் சிரிப்பதையும் படம் பிடித்துவிட்டு, நீதான் வேண்டாமென்று நீக்கினாய் என்று ஜெரால்டு சொன்னான். எனக்காகத்தான் என்று தெரியும். இத்தனை வருடமாக அதை நினைத்து வருந்துகிறேன், சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்தப் பிள்ளையைச் சிரிக்க விடு, தாயி. யாரும் அடிக்க மாட்டார்கள்.

ஆண்டவர் உன் கையோடு இருப்பாராக.

உன் அப்பா,
மரியசெல்வம்