அப்பாவின் உயரக் காலர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. என் கையெழுத்தைப் படிக்க உனக்குப் பொறுமை இருக்காது, அதனால் அவளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். நீயும் உன் தொலைநோக்கியும் சுகம்தானே. அதற்கு ஒரு தும்மல் வந்தாலும் நீ பக்கத்திலேயே இருப்பாய், அந்த மட்டில் அது கொடுத்து வைத்தது. நாங்கள் இங்கே நலம் என்ற வரியை மட்டும் இப்போதைக்குக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தடவையும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாய், மூன்றாவது தடவை. எங்கோ இரண்டு செத்த நட்சத்திரங்கள் முட்டிக்கொண்டனவாம், அந்தக் குலுக்கல் ஈர்ப்பு அலையாக வந்து ஏதோ ஒரு கருவியில் பதிந்ததாம், ஆனால் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சரியாகத் தெரியாதாம், அதனால் வானத்தில் பாதியைத் துழாவி அவை முட்டிய இடத்து வெளிச்சத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். மாடி வீட்டுக்காரி உன் வேலையைப் பற்றிக் கேட்டாள். தெருவில் எங்கோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டால் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையையும் எட்டிப் பார்க்கிற வேலை என்றேன். இதற்கெல்லாமா ஆள் வைத்திருக்கிறார்கள் என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். படித்த பெண்ணைப் பெற்றவள் நான், தலை நிமிர்ந்துதான் நின்றேன். முதல் தடவை நீ பிடித்த வெளிச்சப் புள்ளி வானத்தில் குறுக்கே போன ஏதோ ஒரு பாறையாம். அடுத்த தடவை கருவியே தப்பாகச் சொல்லிவிட்டதாம், மன்னிப்புக் கேட்டு அறிவிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். நல்ல மரியாதை தெரிந்த கருவி, உன் அப்பாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கொஞ்ச காலமாகத் தனக்கென்று உயரக் காலர் வைத்த சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொள்கிறார். நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சட்டை தைத்தவருக்கு இப்போதுதான் ஆசை வந்ததா, மாப்பிள்ளை பார்க்கவா போகிறீர்கள் என்று நானும் கேலி செய்தேன். புது மாதிரி, வாடிக்கைக்காரர்கள் பார்த்துக் கேட்பார்கள் என்றார். நீயும் போனில் பார்த்துவிட்டு, அப்பா, சட்டை பிரமாதம், எனக்கும் அதே காலர் வைத்து ஒன்று என்றாய். அவருக்கு ஒரே சிரிப்பு. போனை எப்போதும் வலது பக்கமாகவே பிடித்துக்கொண்டு பேசுகிறாரே, ஏன் என்று நீ கேட்டாயா? போன வாரம் கடையில் புழுக்கம் தாங்காமல் பொத்தானைக் கழற்றிவிட்டுப் பெஞ்சிலேயே தூங்கிப்போனார். உன் தங்கைதான் என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள். இடது காதுக்குக் கீழே, கழுத்தில், கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி. ஒரே வீட்டில் இருக்கிற எனக்கே தெரியவில்லை, ஆகையால் நான் ஒன்றும் பெரிய கெட்டிக்காரி என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு யாரும் புதிய புள்ளி கண்டுபிடிக்கும் பட்டம் கொடுக்கவில்லையே.

கேட்டால் வலிக்கவே இல்லை என்கிறார். டாக்டரிடம் வாருங்கள் என்று அழுதும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். "பெரியவள் வரட்டும், அவளோடு போகிறேன். டாக்டர் சொல்வது அவளுக்குத்தான் புரியும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது புரிகிறதா? நீ ரத்து செய்தது டிக்கெட்டை மட்டும் இல்லை. உனக்குச் சொல்லக்கூடாது என்று எங்கள் இரண்டு பேர் வாயையும் கட்டி வைத்திருக்கிறார். அதனால்தான் போன் இல்லாமல் கடிதம். அக்காவை இவ்வளவு திட்ட வேண்டுமா என்று இவள் பேனாவை நிறுத்துகிறாள், எழுது என்றேன்.

இதோடு அப்பாவின் இரண்டு போட்டோ வைத்திருக்கிறேன். ஒன்று நீ கடைசியாக வந்தபோது எடுத்தது, இன்னொன்று பெஞ்சில் தூங்கும்போது சின்னவள் எடுத்தது. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, முன்பு இருந்ததையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்ப்பதுதான் உங்கள் தொழில் என்று ஒரு தடவை மணிக்கணக்கில் விளக்கினாயே, கழித்துப் பார். அந்தப் புது வெளிச்சம் சில நாளில் மங்கிவிடும், அதற்குள் பார்த்தால்தான் உண்டு என்றும் சொன்னாய். உன் அப்பா நட்சத்திரம் இல்லை, வெறும் தையல்காரர், இருந்தாலும் அந்தக் கணக்கு இவருக்கும் பொருந்தும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, நூறு வயது நன்றாக இரு. வரும்போது காலரைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்காதே, சட்டைக்கு அளவு கொடுக்க வந்தேன் என்று சொல். மேலே காலியாக விட்ட வரியை டாக்டரைப் பார்த்த பிறகு நீயே எழுதிக்கொள். ஒன்றுமில்லை என்று ஆனால் அடுத்த வண்டியிலேயே திரும்பிப் போ, உங்கள் வேலையில் முக்கால்வாசி அப்படித்தானே முடிகிறது, அதற்காக யாரும் வெட்கப்படுவதில்லையே. சந்தேகம் என்றாலே உலகத்துக்கெல்லாம் சொல்லிவிடுவோம், எல்லாரும் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்புவார்கள் என்றாய்.

நான் சொல்லிவிட்டேன். திரும்பு.

உன் அம்மா