வெளிவராத இசைத்தட்டு

மார்ச், செவ்வாய்க்கிழமை.

மாலையில் என் வீட்டுக்காரர் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். தான் தனியாகப் பாடி வெளியிட்டிருக்க வேண்டிய இசைத்தட்டை அதில் எழுதி வைத்திருக்கிறார். பத்துப் பாடல்கள். மெர்டேக்கா சுதந்திர தினக் கொண்டாட்டத்தில் பாடியபோது போட்ட ஜிகினாச் சட்டையும் கண்மையுமாக, அட்டையில் தன்னையே வரைந்திருந்தார்.

“சிங்கப்பூர் ரெக்கார்டு கம்பெனிலேர்ந்து அந்த லெட்டர் வந்திருந்தா இது வெளியாகியிருக்கும்லா,” என்றார். தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் குரல் வெறும் காற்றாகத்தான் வருகிறது.

கடிதம் வந்தது. அப்போது எனக்கு ஏழு மாதம். போனால் எங்கள் ஊர் காஜா பேராங் பக்கமே திரும்ப மாட்டார் என்று பயந்து அடுப்பில் போட்டேன். பிள்ளையும் தங்கவில்லை.

“முதல் பாட்டு எது வைக்கலாம்? நீயே சொல்லு.”

சொன்னேன். சந்தோஷமாக எழுதிக்கொண்டார். பிறகு உதட்டை மட்டும் அசைத்து அதை முழுவதும் பாடினார். நான் கைதட்டினேன்.