சத்தம் வராத ஜன்னல்

அன்புள்ள ஜனெலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியம். நியூசிலாந்தில் இப்போது குளிர் ஆரம்பித்திருக்குமே, கம்பளிச் சட்டை போடுகிறாயா, அல்லது அங்கேயும் அழகு பார்த்துக்கொண்டு நடுங்குகிறாயா என்று தெரியவில்லை. உனக்குப் பிடித்த கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி நேற்றுச் சுட்டேன், தின்ன ஆளில்லாமல் பாதி மிச்சம்.

நம் பழைய ரயில் நிலையம் ஒருவழியாக நூலகமாகிவிட்டது. புறா எச்சமும் உடைந்த ஓடுமாகக் கிடந்த அந்த இடமா இது என்று நீ அசந்துபோவாய். டிக்கெட் கொடுத்த ஜன்னலில்தான் இனிமேல் நான் புத்தகம் கொடுப்பேன். பழைய கண்ணாடிகளை அப்படியே வைத்துக்கொண்டு, சத்தம் வராமலிருக்க உள்பக்கம் இன்னொரு கண்ணாடி போட வேண்டும் என்று கமிட்டியில் சண்டை பிடித்தவளும் நான்தான். உன் அப்பா குளிர்காலம் முழுவதும் அந்த ஜன்னல் சட்டங்களில் ஏழெட்டுப் பூச்சாக ஏறியிருந்த பழைய பெயின்ட்டைச் சுரண்டினார், சுரண்டியபடியே என்னைக் குத்திக்கொண்டும் இருந்தார். "ரயில் சத்தம் கேக்காத ஸ்டேஷன் எதுக்கு? அதுக்கு நம்ம மாட்டுக்கொட்டகையிலயே புஸ்தகத்த அடுக்கிடலாமே" என்றார். பிள்ளைகளுக்குக் கதை படிக்கும்போது ரயிலுக்காக மணிக்கொரு தரம் வாயை மூடிக்கொண்டு நிற்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, சரக்கு ரயில் வந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்துவோம், போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம், வெளியூர்க்காரர்கள் ஏதோ மனஸ்தாபம் என்று நினைப்பார்கள். உன் அப்பா மட்டும் நேர்மாறு. நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து, ரயில் போகும்போதுதான் அவர் உதடு அசைகிறது. எத்தனையோ முறை என்னவென்று கேட்டுவிட்டேன், ஒன்றுமில்லை என்பார். நிலத்தைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று நீ சொன்னதும், போனால் திரும்பி வராதே என்று அவர் சொன்னதும், அதற்குப்பின் நீ ஃபோன் செய்தாலே அவர் எழுந்து வெளியே போய்விடுவதுமாக, இடையில் கிடந்து வேகிறவள் நான்.

சனிக்கிழமை திறப்பு விழா. கூடம் நிறைந்துவிட்டது. கமிட்டித் தலைவர் வெண்டல் பேசிக்கொண்டிருந்தபோது நிலக்கரி ரயில் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பெட்டி பெட்டியாக ஓடுகிறது, தரை லேசாக அதிர்கிறது, ஆனால் உள்ளே பக்கத்து வீட்டில் யாரோ கூட்டிப் பெருக்குகிற அளவுக்குத்தான் சத்தம். பழக்கம் விடுமா, வெண்டல் 'நன்கொடை' என்பதில் 'நன்'னோடு நிறுத்திவிட்டார், கூட்டமும் கப்சிப். உன் அப்பா என் பக்கத்தில் ரயிலைப் பார்த்தபடி நின்றார். தன் குரல் ரயிலோடு போய்விடும் என்று நினைத்து, நன்றாக வாய்விட்டே சொன்னார்.

"ஜனெல், என் கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சும்மா. எப்படிக் கூப்புடறதுன்னுதான் தெரியல. வீட்டுக்கு வந்துடு."

கூடம் முழுக்கக் கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது, கழுத்துவரை சிவந்துவிட்டார். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, ஜனெல். வாயாடி லோரெட்டா உட்பட அத்தனை பேரும் கடைசிப் பெட்டி போகும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வெண்டல், "கொடை கொடுத்த எல்லாருக்கும்" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எனக்குத்தான் கண்ணீர் நிற்கவில்லை. இந்த ஊரை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், அன்றைக்கு ஒவ்வொருவரையும் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் உன் அப்பா பேசியது ஒன்றே ஒன்று: "ஒன் கண்ணாடி நல்லாத்தான் வேல செய்யுது."

இதை எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை, எழுதுவது தெரிந்தால் என்னோடும் பேச்சு நின்றுவிடும். உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இப்போதாவது தெரிகிறதா? கடவுள் உன்னை நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஃபோன் செய், ஆனால் இந்த முறை நான் எடுக்க மாட்டேன், தோட்டத்தில் இருப்பேன். மணி எவ்வளவு நேரம் அடித்தாலும் வைத்துவிடாதே. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வர நேரமாகும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
டெலோரஸ்