சிவப்பா, மஞ்சளா?

1991 பிப்ரவரி, ஞாயிறு இரவு

கிணற்றுத் தண்ணீர் கொடுத்ததற்காக, ரேஸ்காரர்கள் இன்று எனக்கும் என் மகளின் மாமனார் முனுசாமிக்கும் ரேஸ் டிராக்கில் ஆளுக்கொரு காரில் ஒரு ரவுண்டு தந்தார்கள். எது வேண்டும் என்று என்னைத்தான் முதலில் கேட்டார்கள்.

சிவப்புக் கார் தரையோடு தரையாகக் கிடந்தது. உள்ளே படுக்கத்தான் முடியும். மஞ்சளுக்குக் கூரை இல்லை. எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கமே என்னைப் பார்க்கும். மஞ்சளில் ஏறிக்கொண்டேன்.

"இன்னா சம்பந்தி, பாடை ரெடியா கீது, போய்ப் படுத்துக்குங்க!" என்றேன்.

பாதி ரவுண்டில் சிவப்பு எங்களைத் தாண்டிச் சீறியது. உள்ளே அவருக்கு வாயெல்லாம் பல்.

இறங்கியதும், "எப்டி இர்ந்திச்சி?" என்றேன்.

"பொணம் பேசுமா சம்பந்தி?" என்று போயே போய்விட்டார்.

அவ்வளவு தாழ்வாகப் பறந்தால் வயிற்றுக்குள் என்ன செய்யும்? தூக்கமே வரவில்லை. விடிந்ததும் காலில் விழுந்தாவது கேட்டுவிட வேண்டும்.