வாசலில் கழட்ட வேண்டிய செருப்பு

சேசு மரி சூசை

கும்மிடிப்பூண்டி
11-2-79

அன்பு மகள் கிரேசுக்கு அப்பா எழுதுவது. மாதா துணையால் நானும் உன் அம்மாவும் சுகம், டெல்லிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினம் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் பெட்டை. உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அப்பா சம்மதிக்காவிட்டால் ஜப்பான் பள்ளிக்கூட வேலைக்குப் போகமாட்டேன், இருபதாம் தேதிக்குள் கான்வென்ட் சிஸ்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து உன் அம்மா எனக்குச் சோறு போட்டதோடு சரி. தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிட்டாள்.

நீ போம்மா. சந்தோஷமாகப் போ. அப்பா முழு மனதோடு சொல்கிறேன், இன்றைக்கே சிஸ்டரிடம் சொல்லிவிடு. பெட்டி கட்டமாட்டேன் என்று போன மாதம் நான் ஒரு வரி எழுதிப் போட்டதற்குக் காரணம் சிஸ்டர் கொடுத்து நீ அனுப்பிய சாமான் லிஸ்டுதான். ஸ்வெட்டர், கம்பளிக் கோட்டு எல்லாம் சரி, அதற்குக் கீழே பள்ளிக்கூட டீச்சர்கள் செருப்பை வாசலிலேயே கழட்டிவிட வேண்டும் என்று இருந்ததே, அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. பி.எட். படித்து முடித்த பிள்ளையை அவ்வளவு தூரம் கூப்பிட்டு அங்கேயும் செருப்பைக் கழட்டு என்பானா, அதற்கு இந்த ஊரே போதுமே என்று நினைத்துவிட்டேன். மேலே படிக்கவே இல்லை.

வியாழக்கிழமை கம்பெனியில் ஒன்று நடந்தது. புது மெஷினைப் பூட்டிக் கொடுக்க ஜப்பானிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்திருக்கிறார். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும், கூட மேனேஜரும் கெஸ்ட் ஹவுசுக்குப் போனோம். அந்த மனுஷன் வாசலிலேயே உட்கார்ந்து ஷூவைக் கழட்டினார். மேனேஜர் பூட்சோடு உள்ளே போனார். இஞ்சினியர் சிரித்துக்கொண்டே அவர் காலைக் காட்டினார், மேனேஜர் திரும்பி வந்து குனிந்து கயிறு அவிழ்த்தார். நான் வழக்கம்போல என் டயர் செருப்பை வெளியே ஒரு ஓரமாக விட்டிருந்தேன். இஞ்சினியர் போய் அதைக் கையால் எடுத்துவந்து தன் ஷூவுக்குப் பக்கத்தில், போகும்போது மாட்டிக்கொள்ள வசதியாகத் திருப்பி வைத்தார். எனக்குப் பதறிப்போய்விட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதுக்குத்தான் ஒரு மாசமா பொண்ண அழ வெச்சிக்கினு இருந்தீங்களா, ஒரு வார்த்த கேட்டிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும் என்று நன்றாகக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

நேற்று மதராஸ் மூர் மார்க்கெட் போய் வந்தோம். உனக்குப் பழுப்பில் ஒரு கம்பளிக் கோட்டு, பித்தான் ஒன்று இல்லை, அம்மா தைத்துவிட்டாள். நம் காலுக்கு அங்கே அளவு கிடைக்காது என்று தாளில் கால் வைத்து வரைந்து அனுப்பினாயே, அதைக் கடைக்காரரிடம் கொடுக்காமல் அம்மாவே கையில் பிடித்துக்கொண்டு ஷூ ஒவ்வொன்றையும் அதன்மேல் வைத்துப் பார்த்தாள். வெளியே போட கறுப்பு, பள்ளிக்கூடத்துக்கு உள்ளே போட வெள்ளைத் துணி ஷூ, இரண்டிலும் கயிறு கிடையாது. காலுறை ஆறு ஜோடி. ஓட்டை விழுந்தால் உடனே தைத்துவிடு, அங்கே எல்லார் கண்ணும் காலுறை மேல்தான் இருக்கும். புடவைகளுக்கு நடுவில் ஊறுகாய் பாட்டில் இருக்கிறது, பெட்டியைக் கவிழ்த்து வைக்காதே. ஜோசப் மாமா புதன்கிழமை ஜி.டி. எக்ஸ்பிரஸ் ரயிலில் கொண்டுவருகிறார்.

இன்னொன்று. அம்மாவுக்கும் இது தெரியாது. நீ மூன்றாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கினதற்கு சிவப்புச் செருப்பு வாங்கித் தந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மேட்டுத் தெரு வந்ததும் கழட்டிக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஏன்ப்பா என்று கேட்டாய். சேறு பட்டால் தையல் விட்டுப்போகும் என்றேன். சித்திரை மாதத்தில் சேறு ஏதும்மா. அந்தத் தெருவில் நம் ஆட்கள் செருப்போடு நடக்கக்கூடாது என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ அந்தச் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாய். லிஸ்டைப் படித்தபோது அதுதான் கண்ணில் நின்றது. பொய் சொன்னதற்கு அப்பாவை மன்னித்துவிடு.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள், அம்மாவின் முத்தங்கள். போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு. எல்லாரும் கழட்டுகிற வாசலில் நீயும் கழட்டம்மா. உன்னை மட்டும் கழட்டச் சொன்னால் எந்த ஊரானாலும் கழட்டாதே.

இப்படிக்கு
உன் அப்பா
பாக்கியநாதன்